விண்ணப்பமும் விசாரமும்

உத்தியோகம் ஸ்திரமாக இருக்கும் காலத்தில் மனிதர் தம்மைப் பற்றி அதிகமாக எழுதுவதில்லை. வரவு செலவுக் கணக்கும், கலியாணப் பத்திரிகையும், வருஷத்துக்கு ஒரு முறை வருமான வரிப் படிவமும் எழுதுவதோடு அவர்களுடைய எழுத்து வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்த உத்தியோகம் போய்விட்டாலோ, போய்விடும் என்ற அச்சம் இரவில் தூக்கத்தைக் கெடுக்கத் தொடங்கினாலோ, அதுவரை கடிதம்கூட எழுதச் சோம்பியவர் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்து, முதல் வரியிலேயே 'நான்' என்று ஆரம்பித்து, தாம் படித்த படிப்பையும் செய்த பிழைகளையும் தமக்கு நேர்ந்த அநீதிகளையும் பக்கம் பக்கமாக எழுதிச் செல்வதை நாம் காண்கிறோம். இவ்வாறு எழுதுவது ஆத்ம பரிசோதனையா, அல்லது அடிபட்ட அகங்காரம் தனக்குத் தானே மருந்து தடவிக்கொள்ளும் உபாயமா என்பது சாமானியமான கேள்வியன்று. தம்மைக் குறித்து எழுதுவதால் ஒருவர் தம்மை அறிந்துகொள்ள முடியுமா என்ற பழைய தத்துவப் பிரச்சினை இதற்குள் அடங்கியிருக்கிறது.

உலக இலக்கியத்தில் தற்சரிதை என்ற துறைக்கே பிதாமகராகக் கருதப்படும் அகஸ்தீன், மிலான் நகரத்தில் தாம் வகித்து வந்த சொல்லணி ஆசிரியர் பதவியை 386-ஆம் ஆண்டில் துறந்தவர். ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அவர் எழுதிய பாவசங்கீர்த்தன நூலில் அந்தப் பதவித் துறவு ஒரு முக்கியமான அத்தியாயம். கட்டுரை என்ற வடிவத்தைத் தோற்றுவித்த பிரெஞ்சுக்காரர் மொந்தேன், போர்தோ நகர நீதிமன்றத்தில் தமக்கிருந்த ஸ்தானத்தை 1570-ல் விற்றுவிட்டுத் தம் கிராமத்து மாளிகைக்குத் திரும்பிய பின்னரே தம்மைத் தாமே ஆராயும் எழுத்தில் இறங்கினார். இதற்கு எதிரிடையாக, புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் தியூப்ளேக்கு துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, அதிகாரமும் செல்வமும் பெரும்பாலும் நிறைந்திருந்த காலத்தில், 1736 முதல் கால் நூற்றாண்டுக்குத் தினசரி எழுதி வைத்தார். அதில் கப்பல்களும் சரக்குகளும் யுத்தங்களும் தர்பார் மரியாதைகளும் ஏராளமாக உண்டே தவிர, 'நான் யார்' என்று அவர் ஓரிடத்தில் நின்று யோசித்ததாகச் சொல்ல இயலாது. அதற்கான நிர்ப்பந்தத்தை அவர் உணரவில்லை போலும்.

நம்முடைய சமய மரபிலும் பதவி இழந்தவரின் வாக்குக்குத் தனி இடம் உண்டு. குதிரை வாங்கக் கொடுத்த அரசன் பொருளை ஆலயப் பணியில் செலவிட்டு மந்திரி பதவியையும் மானத்தையும் ஒருங்கே இழந்த மாணிக்கவாசகரின் திருவாசகம் நெடுகிலும் தம்மைத் தாமே கடிந்துகொள்ளும் குரல் ஒலிக்கிறது. அந்நூலைக் குறித்து வழங்கும் ஐதிகம் நம் விஷயத்துக்கு மிகவும் பொருத்தமானது. அவர் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதிக்கொண்ட அந்தணர் தில்லைப் பெருமானே என்றும், எழுதி முடித்த ஏட்டின் அடியில், சொன்னவர் பெயரோடு எழுதியவர் கையொப்பத்தையும் இட்டு, அதைத் தில்லைச் சந்நிதிப் படியில் வைத்து மறைந்தார் என்றும் சொல்வார்கள். ஒருவர் தம்மைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளின் கீழே வேறொருவரின் கையொப்பம் விழுந்திருக்கிறது. இந்தக் கையொப்ப விஷயத்தை வாசகர் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இனி நாம் பார்க்கப் போகும் கதை தொடங்குவது திருச்சுழியில். அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, குண்டாற்றின் கரையில் உள்ள அது, வானம் பார்த்த பூமியின் நடுவில் அமைந்த பாடல் பெற்ற தலம். பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் தம் சூலத்தால் பூமியைத் துளைத்து உள்ளே சுழித்து இறங்கச் செய்தார் என்பது அவ்வூரின் தல புராணம். ஐப்பசி மழை ஒரு வருஷம் பொய்த்தால் கண்மாய்கள் வெடித்துக் கிடக்கும் சீமையில், வெள்ளத்தை வற்றச் செய்ததற்காக இறைவனைக் கொண்டாடுகிறார்கள் என்பதை எண்ணும்போது, புராணம் இயற்றியவர்களின் துணிச்சலை வியக்காமல் இருக்க முடியவில்லை. கரிசலில் பருத்தியும் கம்பும் மல்லியும் மிளகாயும் விதைத்துவிட்டு வானத்தை அண்ணாந்து பார்ப்பதும், விளைச்சல் இல்லாத ஆண்டுகளில் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி விற்பதும், அருப்புக்கோட்டைத் தறிகளிலும் நூற்பாலைகளிலும் கூலிக்குப் போவதும், அதுவும் போதாமல் திருப்பூருக்கும் சென்னைக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் பிள்ளைகளை அனுப்புவதும் இங்கே தலைமுறைகளாக நடந்துவரும் ஜீவனோபாயங்கள். விருதுநகர் மாவட்டத்தை 2018-ல் மத்திய அரசு 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' வரிசையில் சேர்த்தது. விழைவுக்கு இந்தச் சீமையில் ஒரு நாளும் குறைவு இருந்ததில்லை என்பதை அந்தப் பெயர் சூட்டியவர்கள் அறிந்திருப்பார்களா என்பது சந்தேகம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தகைய ஊரில் ஓர் ஏழைப் பிராமணச் சிறுவன் முன்னுக்கு வந்த வழி எழுத்து. சுந்தரமையர் என்பவர் கிராமக் கணக்குப்பிள்ளையிடம் மாதம் இரண்டு ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்து, பிறகு மனு எழுதிக் கொடுப்பவராகி, நாளடைவில் சன்னது இல்லாத வக்கீலாகத் திருச்சுழியில் பிரசித்தி அடைந்தார். மனு எழுதுவோரின் தொழிலைச் சற்று ஆழ்ந்து நோக்கினால் அதில் ஒரு தத்துவ விநோதம் தென்படும். வாய்க்கால் தகராறுக்கு வந்த சம்சாரிக்காகவும், கடன் பத்திரத்தில் ஏமாந்த கைம்பெண்ணுக்காகவும், தீர்வை குறைக்கக் கோரும் மிராசுதாருக்காகவும் அவர் ஒரே நாளில் மாறி மாறி 'நான்' என்று எழுதுகிறார். அந்த நான்களில் எதுவும் அவர் அன்று. ஆயினும் ஒவ்வொன்றும் அழுகிறது, தன் யோக்கியதையை எடுத்துரைக்கிறது, எதிராளியைப் பழிக்கிறது, கிருபை கூர்ந்து தயவு செய்யும்படி துரையவர்களை இறைஞ்சுகிறது. துரை என்ற ஒருவர் எதிரில் இல்லாவிட்டால் அந்த நானுக்கு உருவமே கிடையாது.

வேலை போனவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதும் சுயசரிதம் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்த மனுவே என்பது என் அபிப்பிராயம். யாரும் படிக்கப் போவதில்லை என்று சொல்லிக்கொண்டு எழுதினாலும், பழைய மேலதிகாரியோ, ஏளனம் செய்த பங்காளியோ, வருங்காலத்தில் தம் மேன்மையை உணரப் போகும் உலகமோ, ஏதோ ஒரு நியாயாதிபதி அந்தப் பக்கங்களுக்கு எதிரே வீற்றிருக்கிறார். எழுதுகிறவர் மனுதாரராகவும் மனு எழுதிக் கொடுப்பவராகவும் இரண்டு வேஷம் தாங்குகிறார். இதில் தம்மை அறிவது எங்கே நிகழ்கிறது?

இந்த வினாவுக்கு ஒரு விடை அதே சுந்தரமையரின் வீட்டிலிருந்து வந்தது. அவருக்கும் அழகம்மாளுக்கும் 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி பிறந்த வேங்கடராமன் என்ற பிள்ளையையே உலகம் பின்னாளில் ரமண மகரிஷி என்று அறிந்தது. 1892-ல் தகப்பனார் காலமாகவே குடும்பம் பிரிந்தது. வேங்கடராமனும் தமையன் நாகசாமியும் மதுரையில் சிற்றப்பா சுப்பையர் வீட்டில் தங்கிப் படித்தார்கள். படித்து ஓர் உத்தியோகத்தில் அமர்வது என்பதே அத்தகைய குடும்பத்துக்கு இருந்த ஒரே வழி. 1896-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அச்சிற்றப்பாவின் வீட்டு மாடியில், திடீரென்று மரண பயம் தோன்ற, உடல் செத்தாலும் சாகாதது எது என்று அவர் தமக்குள் நாடியதும், அதன் பின் பாடப் புத்தகங்களில் மனம் பற்றாமற் போனதும் பலரும் அறிந்த வரலாறு. நான் இங்கே கவனிக்க விரும்புவது அதை அடுத்து நடந்த எழுத்துக் காரியங்களை.

ஆகஸ்டு 29-ஆம் தேதி, பாடத்தைச் சரியாகப் படிக்காத குற்றத்துக்காக, பெயின் என்பவரின் ஆங்கில இலக்கணத்திலிருந்து ஒரு பாடத்தை மூன்று தடவை எழுதிவரும் தண்டனை அவருக்கு விதிக்கப்பட்டிருந்தது. இரண்டு தடவை எழுதியவர் மூன்றாவதில் அதன் வீண்தன்மையை உணர்ந்து புத்தகத்தை ஒதுக்கிவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். இப்படி இருக்க விரும்புகிறவனுக்குப் படிப்பும் வீடும் எதற்கு என்ற கருத்தில் தமையன் கடிந்துகொண்டதை அவர் நியாயமான வார்த்தையாகவே ஏற்றுக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் விசேஷ வகுப்பு இருப்பதாகச் சொல்லிப் புறப்பட்டபோது, தன் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிவிடும்படி தமையன் சொன்ன ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டு ரூபாயுடன் ஒரு சிறு கடிதத்தையும் வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பினார்.

அந்தக் கடிதம் சில வரிகளே கொண்டது. தன் தகப்பனாரைத் தேடி, அவர் ஆணைப்படி போவதாகத் தொடங்குகிறது. அங்கே எழுவாய் 'நான்'. அடுத்த வாக்கியத்தில் அந்த நான் இல்லை. 'இது' நல்ல காரியத்தில் இறங்கியிருக்கிறது என்று, எழுதுகிறவர் தம்மையே ஓர் அஃறிணைப் பொருளாகச் சுட்டுகிறார். தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம், துக்கப்பட வேண்டாம் என்கிறார். கையொப்பம் இட வேண்டிய இடத்தில் பெயர் இல்லை. கோடுகள் மட்டும் இருக்கின்றன. அதன் கீழே, கல்லூரிச் சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்பதும், இத்துடன் இரண்டு ரூபாய் இருப்பதும் கணக்காகக் குறிக்கப்பட்டுள்ளன.

பதினாறு வயதுப் பையன் அவசரத்தில் எழுதிய சீட்டுக்கு இத்தனை வியாக்கியானம் தேவையா என்று கேட்கலாம். வேண்டுமென்று யோசித்து எழுவாயை மாற்றியிருந்தால் அது வெறும் இலக்கியச் சாதுரியமாகப் போயிருக்கும். யோசியாமல் எழுதியதாலேயே அதற்குப் பிரமாணத்தின் மதிப்பு ஏற்படுகிறது. மனுவில் இருக்க வேண்டிய எதுவும் இதில் இல்லை: யோக்கியதை இல்லை, குறை இல்லை, பிரார்த்தனை இல்லை, எதிர்காலத்தைப் பற்றிய உத்தேசம்கூட இல்லை. மனுதாரர் மெல்ல மெல்லக் காகிதத்திலிருந்தே விலகிப் போய்விடுகிறார். ஆனால் கணக்கு நிற்கிறது. 'நான்' தேய்ந்துபோன கடிதத்தில் அடுத்தவருக்குச் சேர வேண்டிய இரண்டு ரூபாய் தேயவில்லை. பொறுப்பைத் தட்டிக் கழிப்பதற்கு வேதாந்தத்தைத் துணைக்கு அழைப்பவர்கள் இந்த அடிக்குறிப்பை மறுபடியும் படிப்பது நலம்.

வழியில் கீழூரில் தம் கடுக்கன்களை நான்கு ரூபாய்க்கு ஈடு வைத்து, மீட்பதற்காகக் கொடுக்கப்பட்ட விலாசச் சீட்டை உடனே கிழித்தெறிந்தார். செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலையை அடைந்த பின், பேச்சும் ஏறக்குறைய நின்றுவிட்டது. சில மாதங்கள் கழித்து, குருமூர்த்தம் என்ற இடத்தில் அவர் இருந்தபோது, தாலுகா கச்சேரித் தலைமைக் கணக்கர் வேங்கடராமையர் என்பவர், சாமியின் பெயரும் ஊரும் தெரியாமல் அன்னம் உட்கொள்வதில்லை என்று பிடிவாதமாக அமர்ந்துவிட்டார். இரக்கப்பட்டு, வேங்கடராமன், திருச்சுழி என்று ஆங்கில எழுத்துக்களில் எழுதிக் காட்டினார் இளந்துறவி. ஊர்ப் பெயர் கணக்கருக்கு விளங்கவில்லை. அருகில் இருந்த பெரியபுராணப் புத்தகத்தை எடுத்து, சுந்தரர் வழிபட்ட தலங்களுள் அவ்வூர் குறிக்கப்பட்ட இடத்தைச் சுட்டினாராம். தம் விலாசத்தை அறிவிக்க அவருக்குக் கிடைத்த அத்தாட்சி ஒரு புராணம்! கணக்கு எழுதும் வர்க்கத்தாருக்கு மட்டுமே தோன்றக்கூடிய அந்தப் பிடிவாதத்துக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். இல்லாவிட்டால் திருச்சுழி என்ற பெயர் அந்த மலையடிவாரத்தில் அப்போது வெளிப்பட்டிராது.

இந்த ஊர்ப்பெயர் வெளிப்பட்டதன் விளைவாகவோ வேறு வழியாகவோ செய்தி பரவ, 1898-ஆம் ஆண்டின் இறுதியில் தாயார் அழகம்மாள் வந்து, பவழக்குன்றில் இருந்த மகனைப் பல நாள் அழுது அழைத்தார். மௌனத்தில் இருந்தவரிடம் அருகில் இருந்தவர்கள் காகிதமும் பென்சிலும் கொடுக்க, அவர் எழுதிய பதில் பிரசித்தமானது. அவரவர் பிராரப்தத்துக்கு ஏற்ப ஈசன் ஆட்டுவிக்கிறான், நடக்க வேண்டியதைத் தடுக்கவும் நடவாததை நடத்தவும் யாராலும் இயலாது, ஆகையால் மௌனமாக இருப்பதே நன்று என்பது அதன் சாராம்சம். பெற்ற தாயின் கண்ணீருக்கு இது மிகவும் வறண்ட பதில் என்று சிலர் எண்ணுகிறார்கள்; எனக்கும் சில சமயங்களில் அப்படியே தோன்றுகிறது. அத்துடன், இந்தப் பதிலை ஜீவனோபாயப் பிரச்சினைக்கு அப்படியே பொருத்தி, வேலை கிடைப்பதும் கிடையாததும் பிராரப்தம் என்று கைகட்டி இருந்துவிடலாமா என்ற ஆட்சேபமும் எழுகிறது. கரிசல் காட்டுச் சம்சாரி மழையைப் பற்றி இதற்குக் குறைவில்லாத நிச்சயமின்மையோடு வாழ்கிறவர். ஆனால் மழை தம் கையில் இல்லை என்பதற்காக விதைக்காமல் இருப்பதில்லை.

ரமணரும் அப்படி இருக்கச் சொல்லவில்லை என்பதற்குப் போதிய சான்று உண்டு. அவருடைய இளமைத் தோழர் விளாச்சேரி ரங்கையர் வேலையின்றி இருந்த ஒரு சமயம், சென்னையில் வேலை தேடப் போவதாக அவரிடம் தெரிவித்தார். ஆண்பிள்ளை எங்கேயும் எப்படியும் காலம் தள்ளிவிடலாம்; வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறாய் என்பதே அவர் கேட்ட கேள்வி. ஆன்ம தத்துவத்தை அப்போது உபதேசித்ததாகத் தெரியவில்லை. இரண்டு ரூபாய்க் கணக்கை எழுதி வைத்த அதே புத்தி இங்கேயும் பேசுகிறது. உத்தியோகத்தையும் குடும்பத்தையும் விட்டுவிடட்டுமா என்று அனுமதி கேட்டு வந்த இல்லறத்தார் பலருக்கும், விட வேண்டியது வேலையன்று, அதைச் செய்கிறவன் நான் என்ற எண்ணமே என்று அவர் அறிவுறுத்தியதைக் குறிப்புகள் தெரிவிக்கின்றன. ஆக, வயிற்றுப் பிரச்சினைக்கு வயிற்றுப் பிரச்சினை என்ற அளவில் யோக்கியமாக ஏற்பாடு செய்யப்பட வேண்டும். அந்த ஏற்பாட்டைச் செய்யும்போது நடுங்குகிறதே, அது எது என்ற விசாரம் வேறு. முந்தியதற்குப் பிந்தியதை விடையாகச் சொல்வது பசித்தவரை ஏமாற்றுவதாகும். பிந்தியதற்கு முந்தியதை விடையாகக் கொள்வதும், அதாவது நல்ல சம்பளம் கிடைத்தவுடன் 'நான் யார்' என்பது தெளிந்துவிட்டதாக நம்புவதும், வேறொரு ஏமாற்றம். இதில் ஏமாறுகிறவர் படித்தவராக இருப்பதால் அது வெளியே தெரிவதில்லை.

எழுத்தைக் கொண்டே அந்த விசாரத்தை நடத்திப் பார்த்த ஒருவரும் இருந்தார். தத்துவ சாஸ்திரத்தில் பட்டம் பெற்று, தென்னார்க்காடு ஜில்லா ரெவினியூ இலாகாவில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை, 1902-ஆம் ஆண்டில் திருவண்ணாமலைக்கு உத்தியோக காரியமாக வந்தபோது மலைமேல் இருந்த இளந்துறவியைக் கண்டார். அவர் வினவ, இவர் பேசாமல் மணலிலும் சிலேட்டிலும் காகிதத்திலும் எழுதிக் காட்டிய விடைகளே பிற்காலத்தில், 1923-ல், 'நான் யார்?' என்ற சிறு நூலாக வெளிவந்தன. மணலில் எழுதியவை அங்கேயே அழிந்தன. பிள்ளை பிரதி செய்துகொண்டவை நிலைத்தன. உடல் நான் அன்று, புலன்கள் நான் அன்று என்று அடுக்கிச் செல்லும் பகுதியைக் கையெழுத்துப் பிரதியில் கண்டபோது, இது தாம் சொன்னது அன்றே என்று ரமணர் வியந்ததாகவும், சாஸ்திரப் பயிற்சி உடைய பிள்ளை விளக்கத்துக்காகத் தாமே சேர்த்தது அது என்றும் அறிகிறோம். 'நான்' என்பதைக் களைவதற்கான ஏட்டிலேயே எழுதியவரின் கை சற்று அதிகமாக ஓடிவிட்டிருக்கிறது. மனிதர் எழுதும் எதுவும் இந்த இயல்புக்குத் தப்பியதில்லை.

அந்நூலின் யுக்தி எளிமையானது. எழும் எண்ணம் எதுவாயினும் அதைப் பூர்த்தி செய்ய முயலாமல், இது யாருக்கு உண்டாயிற்று என்று வினவி, எனக்கு என்ற பதில் வந்தவுடன் அந்த நான் யார் என்று அதன் பிறப்பிடத்தை நாடுவது. நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிற நம் மனுதாரருக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். 'எனக்கு இனி என்ன ஆகும்?' என்று எழுதி நிறுத்திய இடத்தில் அவர் கதையை மேலே நடத்தாமல், அந்த வாக்கியத்தையே திரும்பிப் பார்த்து, யாருக்கு ஆகும் என்று கேட்டால், அந்த 'எனக்கு' எதனால் செய்யப்பட்டது என்பது தெரியத் தொடங்குகிறது: பதவிப் பெயரால் சிறிது, ஊராரின் மதிப்பால் சிறிது, மாதாந்திரச் சம்பளத்தால் பெரும்பகுதி. போனவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும், போய்விட்டதே என்று அறிகிற ஒன்று எஞ்சுகிறது. அது என்ன என்பதை எழுத முடியாது. ஆனால் எழுத முடியாத அந்த விளிம்பு வரை எழுத்து கூட்டிச் செல்லும் என்று நான் கருதுகிறேன். அதற்கு அப்பாலும் எழுதிக்கொண்டிருப்பவர் பழைய மனுவுக்குத் திரும்பியிருக்கிறார் என்று கொள்ள வேண்டும்.

ஆனால் திரும்பாதவர் யார்? சிவப்பிரகாசம் பிள்ளையே சர்க்கார் உத்தியோகத்தின் கட்டுப்பாடுகளைச் சகிக்க முடியாமல் 1910 வாக்கில் அதை ராஜிநாமா செய்தார். விடலாமா, விட்டால் குடும்பம் என்ன ஆகும் என்ற ஊசலாட்டம் அதற்கு முன் அவரை நெடுநாள் வாட்டியிருந்தது. 1913-ல், மனைவியை இழந்திருந்த அவர், 'நான் யார்?' என்ற உபதேசத்தைப் பெற்று ஏறக்குறைய பதினோரு ஆண்டுகள் கழிந்த பின்னரும், துன்பம் நீங்க வழி என்ன, மறுமணம் செய்துகொள்ளலாமா, கூடாதென்றால் ஏன், செய்வதானால் அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற நான்கு கேள்விகளை ஒரு காகிதத்தில் எழுதி விநாயகர் சந்நிதியில் வைத்து, அதிலேயே பதில் எழுதித் தரும்படி வேண்டிக் காத்திருந்தார். காகிதத்தில் ஓர் எழுத்தும் விழவில்லை. மாணிக்கவாசகரின் ஏட்டில் தெய்வத்தின் கையொப்பம் விழுந்தது; சிவப்பிரகாசம் பிள்ளையின் தாளோ வெறுமையாகவே திரும்பி வந்தது. பிறகு ரமணரின் வாழ்க்கை முறையையே விடையாகக் கொண்டு அவர் மறுமண யோசனையை விட்டார்.

அதன் பின்னும் பல ஆண்டுகள், 1948-ல் காலமாகும் வரை, கிராமத்தில் எளிய வாழ்க்கை நடத்திய அவர், தம் குறைகளை எண்ணி நைந்து, குருவை நோக்கிச் செய்யுட்கள் இயற்றிக்கொண்டே இருந்தார். 'நான் யார்?' என்ற கேள்வியை நமக்குப் பெற்றுத் தந்தவர் இயற்றிய அந்தச் செய்யுள் நூல்களில் ஒன்றுக்கு 'விண்ணப்பம்' என்றே பெயர்.